கை நனையாமல் பார்த்த தண்ணீர்

முப்பத்தொரு வருஷம் நான் பார்த்த வேலை, தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று அளப்பது. குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகம். ஆற்றுத் தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு மாதிரி, தெளிவுத் தொட்டியில் ஒன்று, மணல் ஃபில்டரைத் தாண்டியதும் ஒன்று. மணிக்கு மணி எடுத்துக் குறித்து வைக்க வேண்டும். மழைக்காலத்தில் செம்மண் கரைசலாக வரும் தண்ணீருக்கு எவ்வளவு படிகாரம் போடுவது என்று தெரிந்துகொள்ள ஆறு பீக்கரை வரிசையாக வைத்துக் கலக்கிப் பார்ப்போம். எந்தப் பீக்கரில் பஞ்சுபஞ்சாகத் திரண்டு கீழே இறங்குகிறதோ அந்த அளவுதான் அன்றைய கணக்கு.

ஓய்வு பெற்ற கையோடு மகள் நியூசிலாந்துக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். அவள் இருப்பது நெல்சனில், தென் தீவின் வடக்குக் கரை. போய்ச் சேர்ந்த இரண்டாம் வாரம், "அம்மா, ஞாயித்துக்கிழமை உன்னை ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். உன் மீட்டர் அங்க வேலைக்கே ஆகாது" என்றாள்.

"மீட்டர் வேலைக்கு ஆகாத தண்ணியா? அப்ப சாக்கடையா?"

"வந்து பாரு."

பெயரைச் சொன்னாள், எனக்குப் பிடிபடவில்லை. டெ வைக்கொரொப்புப்பூ. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழிப் பெயர். இங்குள்ளவர்கள் சுருக்கி 'பூப்பூ ஸ்பிரிங்ஸ்' என்கிறார்கள். என் காதில் விழுந்தது 'பூ'வும் 'பூ'வும்தான், அதை வைத்துத்தான் பெயரை மனத்தில் இருத்திக்கொண்டேன்.

மீட்டர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் அங்கே ஏன் அப்படி வாய்பிளந்து நின்றேன் என்பது புரியாது. கலங்கலை அளக்கும் கருவிக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீரை ஊற்றி வைப்போம். ஒரு பக்கமிருந்து வெளிச்சம் பாயும். தண்ணீரில் தூசு துரும்பு இருந்தால் வெளிச்சம் அதில் மோதிப் பக்கவாட்டில் சிதறும். செங்கோணத்தில் உட்கார்ந்திருக்கும் உணர்கருவி அந்தச் சிதறலை எண்ணிச் சொல்லும். அந்த எண்ணுக்கு அலகு என்.டி.யூ. குடிநீருக்கு இந்தியத் தர அளவு 1. நாங்கள் ஃபில்டர் தாண்டி 0.3, 0.4 என்று கொண்டுவந்துவிட்டால் அன்றைக்கு நிம்மதி.

இதில் கஷ்டம் எங்கே என்றால், கலங்கிய தண்ணீரை அளப்பது சுலபம், தெளிந்த தண்ணீரை அளப்பதுதான் தலைவலி. குப்பியின் வெளிப்பக்கம் விரல் பட்டிருந்தால் போதும், ரேகை வெளிச்சத்தைச் சிதறடித்து ரீடிங்கை ஏற்றிவிடும். அதனால் குப்பியை மேலே, மூடிக்குக் கீழேதான் பிடிக்க வேண்டும். நூல் விடாத துணியில் ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெய் தொட்டுத் துடைத்து, குமிழி இல்லையா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, பிறகுதான் உள்ளே வைப்போம். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் நான் முதல் நாள் சொல்வது ஒன்றே ஒன்று: "தண்ணியைத் தொடாதே, கண்ணாடியையும் தொடாதே." சிரிப்பார்கள். ஒரு வாரத்தில் புரிந்துகொள்வார்கள்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். நெல்சனிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். அதில் பாதி டாக்கக்கா மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி இறங்குவது. எனக்கு வளைவு என்றாலே குமட்டும். ஆனால் அன்று ஜன்னலை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்ததில் குமட்டல் மறந்துபோனது. காரணம், அந்த மலை முழுக்கப் பளிங்கு. புல்வெளி நடுவே சாம்பல் நிறக் கல் முளைகள், மேலிருந்து கீழாக வரிவரியாய் விரலால் கோடு இழுத்த மாதிரி. அது மழையின் வேலை. மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசாகப் புளிப்பேறிவிடும். அந்தப் புளிப்பு பளிங்கை அரித்துக்கொண்டே உள்ளே இறங்கும். மலையின் உள்ளே எல்லாம் ஓட்டையும் குகையும்தான். ஹார்வுட்ஸ் ஹோல் என்று ஒரு பாதாளக் கிணறு இந்த மலையில் இருக்கிறது, வாயிலிருந்து நேர்செங்குத்தாக 176 மீட்டர். வெலிங்டனில் இருக்கும் நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் பளிங்கு போனதும் இங்கிருந்துதான் என்றாள் மகள்.

"மழை பேஞ்சா மலை மேல ஓடை எதுவும் ஓடாதா?"

"ஓடும். ஓடிட்டே இருந்து திடீர்னு காணாமப் போயிடும்."

காணாமல் போன தண்ணீர் எங்கே வெளியே வருகிறது என்பதைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

டாக்கக்கா ஊரைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் வண்டியை நிறுத்தினோம். அங்கிருந்து நடைபாதை, நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரத்துக்குள் சுற்றி வந்துவிடலாம். 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்தைத் தங்கத்துக்காகக் கிளறிப் போட்டிருக்கிறார்கள். கிளறிய இடத்தில் இப்போது காடு திரும்ப வளர்ந்து மூடியிருக்கிறது.

நுழைவிடத்திலேயே பலகை. தண்ணீரைத் தொடக் கூடாது. குளிக்கக் கூடாது, குடிக்கக் கூடாது, மீன் பிடிக்கக் கூடாது, படகு விடக் கூடாது. தொடவே கூடாது. மாவோரி மக்களுக்கு இது 'வாஹி டாப்பு', புனிதமான இடம். ஹுரியாவா என்ற காவல் உயிர் இந்த நீரில் குடியிருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. முன்பெல்லாம் இங்கே நீந்தவும் முக்குளிக்கவும் விட்டிருக்கிறார்கள். 2004இல் டிடிமோ என்ற நுண்பாசி தென் தீவின் ஆறுகளுக்குள் வந்து சேர்ந்தது. 'பாறைச் சளி' என்று அதற்குச் செல்லப்பெயர், பார்த்தால் அப்படித்தான் வழவழவென்று அப்பிக்கொண்டிருக்குமாம். ஒரு சொட்டு ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போய்விடும். ஒரு ஈரச் செருப்பு போதும். அதன் பிறகு முற்றாக மூடிவிட்டார்கள்.

நான் பலகையைப் படித்துவிட்டு மகளைப் பார்த்தேன். அவள் சிரித்தாள். "நீ சொல்றதைத்தான் எழுதி வெச்சிருக்காங்க."

முதலில் காதில் விழுந்தது ஓடைச் சத்தம். அப்புறம் மரங்கள் விலகின. மரத்தால் செய்த மேடை, கைப்பிடிக் கம்பி. போய்க் குனிந்து பார்த்தேன்.

தண்ணீர் இல்லை.

அப்படித்தான் முதலில் தோன்றியது. ஒரு பெரிய பள்ளம். பள்ளத்தின் அடியில் பச்சைப் பாசி, கரும்பச்சைப் பாசி, வெளிர்பச்சையில் கொடிகொடியாய் ஏதோ செடி, நடுநடுவே வெள்ளை மணல். எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருக்கின்றன, காற்றில் ஆடுகிற மாதிரி. காற்று இல்லையே, ஏன் ஆடுகிறது என்று யோசித்த பிறகுதான் அது தண்ணீருக்குள் இருக்கிறது என்று மூளைக்கு எட்டியது. அதுவும் எப்படி எட்டியது? மேடைக்கு நேர் எதிரே நடுப்பகுதியில் நீர்ப்பரப்பு மேடாக எழும்பி, வழிந்து, வட்டம் வட்டமாக விரிந்தது. கொதிக்கிற அண்டாவின் நடுவில் எழும்புமே, அதேபோல. ஆனால் அது கொதிநீர் இல்லை. வருஷம் பூராவும் ஏறாமல் இறங்காமல் 11.7 டிகிரி.

எங்கள் ஆய்வகத்தில் தெளிந்த தண்ணீர் என்பது நூறு மில்லி. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ம், பரவாயில்லை" என்போம். இங்கே கண்ணுக்கு எட்டியவரை அது. கல்லுக்கும் எனக்கும் நடுவே எத்தனை அடி தண்ணீர் என்று கண்ணால் கணிக்கப் பார்த்தேன், முடியவில்லை. மூன்றடி என்றும் சொல்லலாம், பதினைந்தடி என்றும் சொல்லலாம். அந்தப் பக்கத்தில் ஒரு மீன், அதன் நிழல் அதற்கு ரொம்பக் கீழே தனியாக நகர்ந்தது. நிழலுக்கும் மீனுக்கும் இருந்த இடைவெளியை வைத்துத்தான் ஆழம் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது.

1993இல் விஞ்ஞானிகள் இங்கே தண்ணீருக்கடியில் பக்கவாட்டில் எவ்வளவு தூரம் பார்க்க முடிகிறது என்று கறுப்புத் தட்டை வைத்து அளந்திருக்கிறார்கள். 63 மீட்டர். தட்டை வைத்துத் தெளிவை அளக்கும் வழக்கம் பழசு. 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டுகளை இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறித்தார். இன்றைக்கும் ஏரிகளில் அந்தத் தட்டுதான், அவர் பெயரில்தான். இதையும் மிஞ்சிய தெளிவு பக்கத்திலேயே மலைமேல் இருக்கிறது. நெல்சன் ஏரிகள் தேசியப் பூங்காவில் ரோட்டோமைரெஃபெனுவா என்ற நீல ஏரி, அங்கே 70 முதல் 80 மீட்டர் வரை. அதற்கு நாள்கணக்கில் மலையேறி நடக்க வேண்டும். என் முழங்கால் அதைக் கேட்டவுடனேயே மறுத்துவிட்டது.

நிறம் பற்றிக் கேட்பீர்கள். ஆழமான பக்கம் நீலம், ஆனால் வானத்தின் நீலம் அல்ல. அன்று வானம் மப்பாகத்தான் இருந்தது. தண்ணீருக்கே சொந்தமாக நிறம் உண்டு. சிவப்பு வெளிச்சத்தைத் தண்ணீர் விழுங்கிவிடும், நீலத்தை விட்டுவிடும். ஒரு டம்ளரில் அது தெரியாது. சாதாரண ஆறு ஏரிகளிலும் தெரியாது, ஏனென்றால் இலைதழை மக்கிக் கரைந்த மஞ்சள் சாயம் அந்த நீலத்தைக் கெடுத்துப் பச்சையாக, பழுப்பாக ஆக்கிவிடும். இந்த ஊற்றில் அந்த மஞ்சள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. முப்பத்தொரு வருஷம் தண்ணீரோடு இருந்தும், தண்ணீரின் நிறத்தை நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

ஃபோனை எடுத்துப் படம் பிடித்தேன். பதினேழு படம். ஒன்றிலும் ஒன்றுமில்லை. பாதியில் வெறும் வெள்ளைப் பளபளப்பு, மீதியில் ஏதோ புதர். "இந்தாம்மா, இதைப் போட்டுக்கோ" என்று மகள் தன் கூலிங் கிளாஸைக் கழற்றிக் கொடுத்தாள். போலரைஸ்டு கண்ணாடி. போட்டதும் மேலே மின்னிக்கொண்டிருந்த பளபளப்பு போய்விட்டது. அதோடு தண்ணீரின் மேற்பரப்பும் போய்விட்டது. என்னை அறியாமல் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். குழிக்குள் விழுந்துவிடுவேன் என்ற பயம்.

கண்ணாடியைக் கழற்றினேன். தண்ணீர் வந்தது. போட்டேன், போனது. ஐந்தாறு தரம் செய்து பார்த்தேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியை அவரிடம் நீட்டினேன். அவரும் போட்டுப் பார்த்துவிட்டு ஒரு எட்டு பின்னால் வைத்தார்.

எவ்வளவு வருகிறது என்பதை என் தொழில் கணக்கில் சொல்கிறேன். எல்லா வாயும் சேர்த்துச் சராசரியாக நொடிக்கு 14,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரி ஒன்றை ஒரு நொடியில் நிரப்பி மிச்சமும் வழியும். ஒரு நாளைக்கு 121 கோடி லிட்டர், எங்கள் பாஷையில் 1,210 எம்.எல்.டி., ஒரு எம்.எல்.டி. என்றால் நாளைக்குப் பத்து லட்சம் லிட்டர். நான் வேலை பார்த்த நிலையம் அதன் பக்கத்தில் குழாயடி. பம்ப் இல்லை, படிகாரம் இல்லை, ஃபில்டரைத் திருப்பிக் கழுவுகிற ராத்திரி ஷிஃப்ட் இல்லை. மேலே மலையிலும் பள்ளத்தாக்கிலும் உள்ளே இறங்கும் தண்ணீரின் எடை தள்ள, இங்கே பூமி வெளியே விடுகிறது.

நடன மணல் என்று ஒரு ஊற்று தனியாக இருக்கிறது. அடியிலிருந்து தண்ணீர் தள்ளும் வேகத்தில் வெள்ளை மணல் குபுகுபுவென்று எழும்பி, ஒரு சாண் உயரம் போய், அப்படியே சரிந்து, மறுபடி எழும்புகிறது. எனக்கு அதைப் பார்த்ததும் எங்கள் ஃபில்டர் ஞாபகம்தான். ஃபில்டரைக் கழுவும்போது அடியிலிருந்து தண்ணீரை எதிர்த்துவிட்டால் மணல் படுக்கை இப்படித்தான் பொங்கும். ஒரு வித்தியாசம், எங்கள் மணல் பொங்கினால் அழுக்கு கிளம்பும். இங்கே மணல் மட்டும்தான் கிளம்புகிறது, தண்ணீர் கலங்குவதில்லை. கழுவிக் கழுவி அதில் அழுக்கே மிச்சமில்லை.

இந்தத் தண்ணீருக்கு வயது சொல்லியிருக்கிறார்கள். டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் மழையில் மிகச் சொற்பமாக இருக்கும். அது நாளாக ஆகக் குறையும் விகிதம் தெரியும் என்பதால், எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்தால் மழையாக விழுந்து எத்தனை வருஷம் என்று கணக்குப் போடலாம். பெரிய ஊற்றின் தண்ணீருக்குச் சராசரி எட்டு வருஷம். சராசரிதான். பளிங்கு மலைமேல் விழுந்த மழை வருஷக்கணக்கில் சுற்றிவிட்டு வரும். டாக்கக்கா ஆற்றிலிருந்து ஒழுகிப்போனது அதைவிடச் சீக்கிரம் வந்துவிடும். இரண்டும் உள்ளே கலந்து வருகின்றன. அதோடு, கடல் பக்கத்திலேயே இருப்பதால் பெரிய ஊற்றில் அரை சதவீதம்போலக் கடல்நீரும் கலந்திருக்கிறது. தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று பார்க்கும் குளோரைடு டைட்ரேஷன் செய்தே பாதிச் சர்வீஸைக் கழித்தவளுக்கு இந்த ஒரு தகவல் போதும், நாக்கு ஊறியது. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரியுமா தெரியாதா? பலகை ஞாபகம் வந்தது.

எட்டு வருஷம் இருட்டில் என்ன நடக்கிறது? பெரிய தூசெல்லாம் ஆற்றுப்படுகைக் கூழாங்கல்லிலேயே தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத கரிமப் பொருளைப் பாறையில் படிந்திருக்கும் பாக்டீரியா தின்றுவிடும். அந்த பாக்டீரியாப் படலத்தை மேய்வதற்கென்று கண்ணில்லாத, நிறமில்லாத சின்னச் சின்ன இறால் ஜாதிகளும் நத்தைகளும் நிலத்தடியிலேயே வாழ்கின்றன. அவை மேயாவிட்டால் துவாரமெல்லாம் வழவழத்து அடைத்துக்கொள்ளும். எங்களுக்கும் அதே பிரச்சினைதான், நாங்கள் அதற்கு ஆள் வைத்து ஃபில்டரைச் சுரண்டினோம். ஊற்றின் அடியில் ஆடும் பாசிகளில் ஒன்று உலகத்தில் இந்த ஊற்றைத் தவிர வேறெங்கும் இல்லை என்பதும் படித்தேன். எது அது என்று தேடினேன். எல்லாமே பச்சை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மாட்டேன். தெளிவாக இருக்கும் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று சொல்பவர்களோடு சர்வீஸ் முழுக்கச் சண்டை போட்டவள் நான். ஒரு மேலதிகாரி பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, "பளிங்கு மாதிரி இருக்கேம்மா, இதுக்கு எதுக்கு டெஸ்ட்டு?" என்றார். அதே பாட்டிலில் நைட்ரேட் வரம்பைத் தாண்டியிருந்தது. நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, வெளிச்சத்தைச் சிதறடிக்காது. இந்த ஊற்றுக்கும் இப்போது கவலை அதுதான். பள்ளத்தாக்கில் பால் பண்ணைகள். மாட்டு மூத்திரமும் உரமும் மண்ணில் இறங்கினால் நைட்ரேட்டாக நிலத்தடிக்குப் போகும். போனது உடனே வெளியே தெரியாது, வருஷங்கள் கழித்துத்தான் இங்கே எட்டிப் பார்க்கும். உள்ளூர் மாவோரிகளும் இந்த ஊற்றின் மேல் அக்கறை உள்ளவர்களும் பல வருஷம் போராடி, 2023இல் இந்த ஊற்றுக்கென்றே தனி நீர்ப் பாதுகாப்பு ஆணை வாங்கியிருக்கிறார்கள். இன்றைக்கு 63 மீட்டர் தெரிகிறதே என்று விட்டுவிடாமல் கண்ணுக்குத் தெரியாததற்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்த மேலதிகாரியை இங்கே கூட்டிவந்து நிறுத்த வேண்டும் போலிருந்தது.

மேடையில் ஒரு குட்டிப் பெண், நாலு வயது இருக்கும், குப்புறப் படுத்துக் கம்பிக்கு அடியில் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். விரலுக்கும் தண்ணீருக்கும் ஒரு முழம் இருக்கும். எட்டவே எட்டாது. அவள் அப்பா ஒன்றும் சொல்லவில்லை, சட்டையின் பின்பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். நானும் அப்படிப் படுத்துப் பார்த்திருப்பேன். எழுந்திருப்பது யார்?

திரும்பும் வழியில், டாக்கக்கா பள்ளத்தாக்கின் நடுவில் ஓரிடத்தில் ஆற்றங்கரையில் நிறுத்தச் சொன்னேன். கோடைக்காலம், பிப்ரவரி. ஆறு இருக்க வேண்டிய இடத்தில் அகலமாக வெறும் கூழாங்கல். இறங்கி நடந்தேன். கல் வெயிலில் காய்ந்து கிடந்தது, காலடியில் கடகடவென்று சத்தம். ஒரு கல்லைப் புரட்டினேன், அடியிலும் ஈரமில்லை. ஆறு எனக்குக் கீழே எங்கோ போய்க்கொண்டிருக்கிறது.

"இன்னும் கொஞ்சம் மேல போனா தண்ணி இருக்கும்மா" என்றாள். போனோம். பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் அதே ஆறு ஒன்றும் தெரியாத மாதிரி சலசலத்துக்கொண்டிருந்தது. இங்கே தடைப் பலகை இல்லை. செருப்பைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து வலது கையை மணிக்கட்டுவரை விட்டேன். ஜில்லென்று ஏறியது. விரல்களை விரித்து வைத்துக்கொண்டேன். தண்ணீர் இடுக்கு வழியே புகுந்து கீழே போனது, அந்தக் காய்ந்த கல்லை நோக்கி.

"அம்மா, உன் ரேகையெல்லாம் அங்க போய் ரீடிங்கை ஏத்தப் போகுது" என்றாள் மகள் பின்னாலிருந்து.

"அதுக்குள்ள எல்லாம் படிஞ்சிடும்" என்றேன். கையை எடுக்கவில்லை.